‘கொக்குவில் வீடு (கொழும்பு)’ குடும்ப அரட்டைக் குழு: வெள்ளிக்கிழமை இரவு

[7:42] வதனி: ஞாயிறு மரதனுக்கு யார் யார் எங்கே நிற்பது என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். விடிய 5 மணிக்கு கொழும்பு 7இல் தொடக்கம், நீர்கொழும்பில் முடிவு. வருகிறவர்கள் பெயரைப் போடுங்கள்.

[7:43] சுகந்தி: நான்

[7:43] குலம் மாமா: வான் ரெடி

[7:45] சின்ன மாமி: முன் சீட் எனக்கு. கால் வீக்கம்.

[7:46] ரமணன்: நேர வித்தியாசத்தில் இங்கே எங்களுக்கு அது சனி மாலை. லைவ் லொகேஷன் போட்டுவிட்டு ஓடு அக்கா.

[7:51] பெரியப்பா: பிள்ளைகளே, மரதன் என்றால் என்ன என்று முதலில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கி.மு. 490இல் மரதன் என்ற இடத்தில் கிரேக்கர் பாரசீகரை வென்றார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல ஒருவன் ஏதென்ஸ் வரை ஓடினான், சொல்லி முடித்ததும் விழுந்து உயிரை விட்டான் என்பது கதை. 1896 ஒலிம்பிக்கில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான் வைத்தார்கள். 1908 லண்டனில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தின் மேடைக்கு முன்னால் முடித்தார்கள். அப்படித்தான் 42.195 வந்தது. 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆகவே கடைசி 2 கிலோமீற்றரும் நம்முடைய பிள்ளை இங்கிலாந்து ராணிக்காக ஓடுவது.

[7:52] சின்ன மாமி: உயிரை விட்டானா

[7:52] சின்ன மாமி: வதனி இது தேவையா

[7:53] பெரியப்பா: கதை என்றுதானே எழுதினேன்.

[7:53] அம்மா: நான் அப்போதே சொன்னேன்

[7:55] வதனி: அம்மா, பத்து மாதமாக ஓடுகிறேன். மூன்று கிழமைக்கு முன் 32 ஓடி முடித்துவிட்டு வேலைக்கும் போனேன். மறைன் டிரைவ் நாய்களுக்குக்கூட என்னைத் தெரியும்.

[7:56] நிரோ: இப்போது அம்மாவைக் கண்டால் எழும்புவதுகூட இல்லை. தொடக்கத்தில் துரத்தினதால்தான் வேகம் வந்தது.

[7:57] குலம் மாமா: சாப்பாடு?

[7:58] சின்ன மாமி: புளிச்சாதம் கட்டுகிறேன். வடை. கதலிப்பழம் ஒரு சீப்பு.

[7:58] சிவா: ஓடுகிறவருக்கு இல்லை, நிற்கிறவர்களுக்குத்தானே மாமி?

[7:59] சின்ன மாமி: எல்லோருக்கும்

[8:04] வதனி: மாமி, கோபிக்க வேண்டாம், ஓடும்போது எனக்கு வடை இறங்காது. எனக்கு வேண்டியது இரண்டு போத்தல் ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), கொஞ்சம் செவ்விளநீர், பேரீச்சம்பழம். வெறும் தண்ணீரையே மொண்டு மொண்டு குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலை சுற்றும். அதனால் யாரும் ‘குடி குடி’ என்று வற்புறுத்தக் கூடாது. அதைவிட முக்கியம் இது. எல்லோரும் தொடக்கத்திலும் முடிவிலும் நின்று படம் எடுப்பீர்கள், தெரியும். 30 கிலோமீற்றருக்குப் பிறகுதான் எனக்கு ஆள் வேண்டும். உடம்பில் சேர்த்து வைத்த மாச்சத்து அங்கேதான் தீரும், கால் கல்லாகிவிடும். வெயிலும் ஏறிவிடும். சீதுவைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் ஒரே ஒருவர் நின்றால் போதும்.

[8:05] சுகந்தி: நான் வத்தளையில் நிற்கிறேன். வீட்டு வாசல்.

[8:05] குலம் மாமா: நான் நீர்கொழும்பு

[8:05] ரமணன்: நான் மனதளவில் சீதுவை

[8:06] சிவா: நான் ஜா-எலவில் முதல் போத்தலைக் கொடுத்துவிட்டு முடிவிடத்துக்குப் போக வேண்டும். மாற்றுடுப்புப் பை என்னிடம். வீதியை ஒரு பக்கம் மூடுவார்கள், வானைப் பின்னாலேயே கொண்டுபோகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேலியகொடையில் அதிவேகப் பாதையில் ஏறினால் ஜா-எலவில் இறங்கலாம்.

[8:08] சின்ன மாமி: ஐஸ் போட அந்தப் பெரிய ரெஜிபோம் பெட்டி எங்கே? எங்கள் வீட்டில் இல்லை

[8:08] சுகந்தி: தர்சியின் சாமத்திய வீட்டுக்கு மாமா எடுத்தது

[8:09] குலம் மாமா: திருப்பிக் கொடுத்தாயிற்று

[8:09] பெரியப்பா: மூடி மட்டும் வந்தது.

[8:10] குலம் மாமா: பெட்டியும் வந்தது அண்ணை

[8:11] பெரியப்பா: ஆறு வருடமாக மூடி என் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. பெட்டி வந்திருந்தால் மூடி ஏன் தனியாக இருக்கிறது? கோப்பாய்க் கிணற்று மோட்டாரும் இப்படித்தான் ‘வந்தது’.

[8:11] குலம் மாமா: மோட்டாரை இங்கே இழுக்க வேண்டாம்

[8:12] சுகந்தி: ஐயோ

[8:13] சின்ன மாமி: பெட்டி இருந்தால் வரும்போது இறாலும் நண்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு வரலாம். அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடா வருவது

[8:14] சுகந்தி: ஞாயிறு அங்கே மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை மாமி. வேதக்காரர் (கத்தோலிக்கர்), பூசைக்குப் போவார்கள். பெரிய சந்தை பூட்டு.

[8:14] சின்ன மாமி: கருவாடு?

[8:15] சுகந்தி: கருவாடு கிடைக்கும்

[8:15] குலம் மாமா: என் வானில் கருவாடு ஏறாது. போன தடவை ஒரு மாதம் மணத்தது.

[8:17] வதனி: சீதுவை?

[8:19] பெரியப்பா: சீதுவைக்கு ரயிலும் இருக்கிறது, புத்தளம் பாதை. நான் போய் நிற்பேன், முழங்கால்தான் விடாது. விளையாட்டு என்றால் நமக்குப் புதிதல்ல. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்த எதிர்வீரசிங்கம் யார்? யாழ் மத்திய கல்லூரி.

[8:20] குலம் மாமா: அது உயரம் பாய்தல் அண்ணை. இது ஓட்டம்.

[8:20] பெரியப்பா: பரியோவான் கல்லூரியில் படித்தவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

[8:21] ரமணன்: தொடங்கிவிட்டார்கள்

[8:22] அம்மா: 44 வயதில் பொம்பிளைக்கு என்ன ஓட்டம். சனம் என்ன சொல்லும். முழங்கால் போனால் யார் பார்ப்பது

[8:25] பெரியப்பா: அப்படிச் சொல்லக் கூடாது. பெண்களால் இவ்வளவு தூரம் முடியாது என்றுதான் ஒலிம்பிக்கிலும் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 1984 லொஸ் ஏஞ்சல்ஸில்தான் முதல் தடவையாகப் பெண்கள் மரதன் நடந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் வென்றார்.

[8:25] ரமணன்: நான் பிறந்த வருடம். எல்லா நல்ல காரியமும் அந்த வருடம்தான்.

[8:29] அம்மா: அதற்கு முதல் வருடம் ஆடிக் கலவரத்தில் உன் அக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம் வரைக்கும் ஓடினேன். ஒரு கால் செருப்பு இல்லை. எனக்கு யாரும் வீதியோரம் நின்று தண்ணீர் தரவில்லை

[8:37] நிரோ: அது எவ்வளவு தூரம் அம்மம்மா?

[8:38] அம்மா: அளக்கவில்லை

[8:39] நிரோ: வரைபடத்தில் பார்த்தேன். 3 கிலோமீற்றர்கூட

[8:39] பெரியப்பா: விடு தம்பி.

[8:46] சின்ன மாமி: வடை எத்தனை போடுவது

[8:47] சிவா: 20 போதும் மாமி

[8:47] சின்ன மாமி: 40 போடுகிறேன்

[8:52] அம்மா: சீதுவையில் கக்கூஸ் இருக்கா

[8:53] சுகந்தி: பெற்றோல் ஷெட் ஒன்று இருக்கிறது பெரியம்மா, அங்கே கேட்டால் விடுவார்கள்

[8:53] வதனி: அம்மா?

[8:54] அம்மா: முக்காலி கொண்டுவருவேன். நின்றுகொண்டு இருக்க ஏலாது

[8:54] குலம் மாமா: அப்படியானால் முன் சீட் அக்காவுக்கு

[8:55] சின்ன மாமி: முன் சீட் எனக்கு என்று 7:45க்கே போட்டேன். மேலே போய்ப் பாருங்கள்

[8:58] வதனி: அம்மா, நிரோவும் உங்களோடு நிற்பான். நான் வரும்போது நடந்துகொண்டும் வரலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘ஏன் நடக்கிறாய்’ என்று கேட்க வேண்டாம், ‘போதும், வானில் ஏறு’ என்று சொல்லவே வேண்டாம். போத்தலை மட்டும் நீட்டுங்கள், நான் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். அழவும் கூடாது.

[8:59] அம்மா: நான் எப்போது உன்னை ஏதாவது கேட்டிருக்கிறேன்

[8:59] ரமணன்: இதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கிறேன்

[9:01] அம்மா: போத்தலில் கஞ்சி தரலாமா. உப்புப் போட்டு

[9:03] வதனி: தெளிந்த கஞ்சித் தண்ணீர் என்றால் தாருங்கள். சோறு இருக்கக் கூடாது.

[9:03] அம்மா: தெரியும்

[9:04] பெரியப்பா: கஞ்சித் தண்ணீரில் மாச்சத்து, உப்பு, நீர் மூன்றும் இருக்கிறது. ஜீவனியிலும் சீனி, உப்பு, நீர்தானே. இதைப் பற்றி விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

[9:04] குலம் மாமா: வேண்டாம் அண்ணை

[9:06] சிவா: வான் எத்தனை மணிக்கு? யாரை முதலில் ஏற்றுவது? ஒருவரும் சொல்லவில்லையே.

[9:06] சுகந்தி: என்னை ஏற்றத் தேவையில்லை

[9:31] பெரியப்பா: மூடியைக் கழுவி வெயிலில் வைக்கப் போகிறேன். நாளை காய்ந்துவிடும்.

[10:12] குலம் மாமா: பெட்டி கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே. உள்ளே ஒரு எவர்சில்வர் பலகாரத் தட்டு. அடியில் ‘வி.க.’ என்று வெட்டியிருக்கிறது. யாருடையது

[10:12] சின்ன மாமி: என்னுடையது!!!

[10:13] சின்ன மாமி: அதற்காக சுகந்தியோடு ஒரு வருடம் கதைக்காமல் இருந்தேன்

[10:14] சுகந்தி: அதற்காகவா?

[10:15] சிவா: வான் 3:30 என்று வைக்கவா?