மறு: தெருப்படத்தில் (தெருவில் எடுக்கும் ஒளிப்படத்தில்) 'உருத்தெளிவு' சரிவருமா?

> கட்டம், கோடு, நிழல் நிறைந்த சட்டகத்தில் ஆள் தனித்துத் தெரிவதற்கு 'உருத்தெளிவு' எனலாமா?

வணக்கம் ஐயா.

'தெளிவு' என்றதும் படம் எடுப்பவர் மனம் ஃபோகஸுக்குத்தான் போகும். இங்கே பேச்சு அதுவல்ல. பிரெஞ்சு ஒளிப்படக்கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1932இல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த சைக்கிள்காரர் படத்தைப் பாருங்கள். சுருள்படிக்கட்டு அசையாமல் நிற்கிறது, சைக்கிள்காரர் ஓட்டத்தில் மங்கலாகத் தெரிகிறார். ஆனாலும் கண் நேரே அவரிடம்தான் போகிறது. வெறுந்தெருவின் மேல் படிக்கட்டுக் கம்பி எதுவும் தொடாமல் தனியாகப் பதிந்திருக்கிறார், அதனால்தான்.

'பின்னணிப் பிரிப்பு' என்பதும் ஆகாது. பின்னணியை மங்கலாக்குவதற்கு அந்தச் சொல் போய்விட்டது. வடிவியலை நம்பும் படத்தில் சுவரும் படியும் கூர்மையாகவே வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் 28 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 8, ஃபோகஸ் 3.3 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 1.65 மீட்டரிலிருந்து முடிவிலி வரை கூர்மைதான். மங்கலை வைத்துப் பிரிக்க இடமே இல்லை. மிஞ்சுவது ஒளி வேறுபாடும் இடைவெளியும்.

ஆகவே 'உருத்துலக்கம்' என்கிறேன். 'துலங்கல்' வேண்டாம், பாடநூல்களில் அது தூண்டலுக்கு வரும் எதிர்வினை என்ற பொருளில் உட்கார்ந்துவிட்டது. எதிர்ச்சொல் 'உருவொட்டு': தலையில் கம்பம் முளைப்பது, கறுப்புச் சட்டை நிழலில் கரைவது, இரண்டு பேர் சேர்ந்து நான்கு கால் உருவமாவது எல்லாம் இதில் அடங்கும்.

* * *

> எதிர்ச்சொல் 'உருவொட்டு'

உருத்துலக்கம் அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். உருவொட்டுதான் இடிக்கிறது. கம்பம் ஒட்டுவதும் நிழலில் கரைவதும் வேறு வேறு கோளாறு, மருந்தும் வேறு.

முதலாவதைக் 'கோட்டொட்டு' எனலாம். தூரத்துக் கம்பம் தலையோடு ஒட்டினால் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், கிட்டே இருக்கும் ஆள் கம்பத்தைவிட்டு விலகிவிடுவார். தூரத்து மதில்விளிம்பு கழுத்தை அறுத்துக்கொண்டு கிடைமட்டமாகப் போனால் எவ்வளவு நகர்ந்தும் பயனில்லை. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்க வேண்டும், தலை கோட்டுக்கு மேலே எழும்பும்.

இரண்டாவது 'நிழற்கரைவு'. ஆள் வெயில்பட்ட சுவருக்கு நேரே வரும்வரை காத்திருப்பதுதான் வழி. கறுப்பு உருவமாகவே வேண்டுமென்றால் ஒளியை அந்தச் சுவரில் அளக்க வேண்டும். கேமராவின் போக்கில் விட்டால் அது நிழலைத் தூக்கிவிடும், உருவம் சாம்பலாகி வெளிறும். ஒளியை 1 முதல் 1.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பக்கவாட்டில் நடப்பவரிடம் இன்னொன்று. கால்கள் விரிந்த கணத்தில் நடுவே வெளிச்சத்தால் ஒரு முக்கோணம் தெரியும், 'நடக்கிறார்' என்று சொல்வது அதுதான். முழங்கால்கள் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் அழுத்தினால் ஆள் தூண்போல் ஆகிவிடுவார். ஷட்டரை 1/500 நொடி வைத்தால் வீசும் பாதமும் ஓரளவு நிற்கும். இதற்குத் தனிச்சொல் தேவையில்லை, உருத்துலக்கத்தின் விளக்கத்திலேயே வரட்டும்.

ஒரு கேள்வி: 'உரு' என்பதில் ஆள் மட்டும்தானா? ஆள் சட்டகத்துக்கு வெளியே நிற்க, நிழல் மட்டும் சுவரில் விழும் படங்களும் உண்டே. அந்த நிழலிலும் கம்பம் ஒட்டத்தான் செய்கிறது. 'ஆள் அல்லது ஆளின் நிழல்' என்று வரையறையில் சேர்த்துவிடலாமா?