தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்கு மாமியார் வருகிறார்: பெட்டியை மீண்டும் வாங்கலாமா?

கேள்வி (இரு குழந்தைகளின் தாய், மதுரை)

எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகளும் ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது தொலைக்காட்சிப் பெட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். அதன்பின் அதை நாங்கள் தேடியதே இல்லை. மாலையில் மகள் புளியங்கொட்டைகளை வைத்துப் பல்லாங்குழி ஆடுவாள்; ஞாயிற்றுக்கிழமைகளில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போவோம். வரும் தை முதல் என் மாமியார் எங்களோடு தங்கப்போகிறார். மாமனார் மறைந்த பிறகு, இரவு 7 மணி முதல் 10 மணி வரை ஓடும் தொடர்களே அவருக்குத் துணை. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூடத்தில் பெட்டி ஓடத் தொடங்கினால் குழந்தைகளின் மாலைப்பொழுது போய்விடுமே என்றும் அஞ்சுகிறேன். பெரியவர்களோடு வாழ்பவர்கள் என்ன செய்தீர்கள்?

மறுமொழி (பேச்சுப் பயிற்சியாளர், கோவை)

உங்கள் மகனைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் கூறுகிறது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சீன மொழி பேசுபவர் எதிரில் அமர்ந்து விளையாடிப் பேசியபோது ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே பேச்சைக் காணொளியாகக் காட்டியபோது கற்கவில்லை. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிகூட, பெற்றோர் குழந்தையிடம் பேசுவதைக் குறைத்துவிடுகிறது. ஆகவே பெட்டி வரத்தான் வேண்டுமென்றால், கூடத்துக்கு வர வேண்டாம். புளியங்கொட்டைகளையும் மகனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்த வயதில் தொண்டையில் சிக்கிவிடும்.

மறுமொழி (பாட்டி, திருச்சி)

நான் உங்கள் மாமியாரின் இடத்தில் இருப்பவள். மகன் வீட்டுக்கு வந்த அன்றே "இங்கே டிவி கிடையாது" என்றார்கள். தொடர் போனதைவிட, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் நெடுநாள் வலித்தது. பிறகு மருமகள் என் அறையில் சிறிய பெட்டி ஒன்றை வைத்து, காதில் மாட்டிக் கேட்கும் கருவியும் வாங்கித் தந்து, "குழந்தை தூங்கியதும் பாருங்கள் அத்தை" என்றாள். இரவுச் சோறு ஊட்டிக் கதை சொல்வதையும் என்னிடமே விட்டாள். ஒரே நரிக் கதையைப் பேத்தி மாதக்கணக்கில் கேட்டாள்; ஒரு சொல் மாறினாலும் திருத்துவாள். அந்த வேளைக்காக நான் பகலெல்லாம் காத்திருப்பேன். மகளே, அவர் சாமான் கட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

மறுமொழி (தந்தை, சேலம்)

எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சி இல்லை. ஆனால் சோறு ஊட்டக் கைபேசியைக் காட்டிப் பழக்கிவிட்டோம். அதை நிறுத்த இரண்டு மாதம் ஆயிற்று. உணவு வேளையில் எங்கள் கைபேசிகளும் இப்போது அலமாரிக்குள் போய்விடுகின்றன.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. புளியங்கொட்டைகளை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டேன். அத்தையின் அறைக்கு எது வேண்டும் என்பதை அவரிடமே கேட்க, இன்று மாலை அழைக்கிறேன்.