இலையோடு வேலை பார்க்கும் விஞ்ஞானிகளை நேரில் சந்தித்ததுண்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து:

2015-16 வறட்சியின்போது டொங்காட் பக்கம் என் மனைவியின் சித்தப்பா கரும்புத் தோட்டத்துக்குப் பயிர் விஞ்ஞானி ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார். நம்ம ஆள்தான். கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்து கரும்பு வெட்டியவர். இவர் பணிக்காலம் முழுவதும் கரும்பு எப்படி மூச்சு விடுகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்தே கழித்தவர்.

விடியுமுன்னே வந்துவிடுவார், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு. முதல் நாள் ஆயா திருடன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார். அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. இலை மூச்சு விடும் நுண்துளைகள் இரவில் மூடிக்கிடப்பதால், விடிவதற்குள் இலையின் நிலையும் வேரடி மண்ணின் ஈரமும் ஏறக்குறைய சமமாகிவிடும். அறுத்த இலையைக் கனமான உலோகக் குடுவைக்குள் வைத்து, வெட்டுமுனையை மட்டும் ரப்பர் மூடி வழியே வெளியே நீட்டுவார். நைட்ரஜன் வாயுவை மெல்லத் திறந்துவிட்டுக்கொண்டே லென்ஸ் வழியாகப் பார்த்தால், ஒரு கட்டத்தில் வெட்டுமுனை ஈரமாகி மினுங்கும். அந்த நொடியில் அழுத்தமானியின் முள் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, பயிருக்கு அவ்வளவு தாகம்.

வெயில் ஏறியதும் இலையைக் கவ்விப் பிடித்து, அது இழுக்கும் கரியமில வாயுவை அளக்கும் கருவி வெளியே வரும். அப்போது யாரும் கிட்டே போகக்கூடாது. நாம் விடும் மூச்சில் அந்த வாயு காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. சித்தப்பாவோ வாய் மூடாத மனிதர். பாவம், வரப்புக்கே துரத்தப்பட்டார்.

கரும்பு மேல் விஞ்ஞானிக்குத் தனிப் பெருமை. நெல்லில் ஒளிச்சேர்க்கையின் முதல் விளைபொருளில் கார்பன் அணு மூன்று, கரும்பில் நான்கு. ஹவாயில் கோர்ட்ஷாக் குழு 1965இலும், ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் 1966இலும் அதை வெளியிட்டது கரும்பு இலையை வைத்துத்தான். இந்த ஏற்பாட்டால் துளையை அகலத் திறக்காமலே வேலை நடக்கும், தண்ணீர் மிச்சம்.

“அப்ப என் கரும்பு ஏன் காயுது?” என்றார் சித்தப்பா.

“சிக்கனம் ஒவ்வொரு கிலோ விளைச்சலுக்கும்தான் மாமா. ஆனா வருஷம் முழுக்க நின்னு இவ்வளவு உடம்பு வளர்க்குதே, மொத்தச் செலவு பெருசு.”

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அண்ணா, நான் பார்த்தது மரங்கள் குடிக்கும் தண்ணீரை அளப்பவர்களை. யூகலிப்டஸ் தண்டில் ஊசிபோல் கம்பிகளைச் செருகி, சிறு சூட்டைக் கொடுத்து, அது சாறோடு மேலே ஏற எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். இவர்களுடைய கணக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1998 தேசிய நீர்ச் சட்டம் வணிகத்துக்கு மரம் வளர்ப்பதை ஓடை நீரைக் குறைக்கும் செயல் என்றே வகைப்படுத்துகிறது. புதிதாகத் தோப்பு வைக்க அனுமதி வாங்கியாக வேண்டும். கரும்பு இன்னும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை, உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.