லண்டனில் வாங்கிய பழைய வால்வு ரேடியோ: டயலில் எழுதியிருக்கும் இடத்தில் அந்த நிலையம் வரவில்லை. டியூனிங் கோளாறா?

ஹாரோ வாசி

வணக்கம். 1950களைச் சேர்ந்த பிரிட்டிஷ் வால்வு ரேடியோ ஒன்றை வாங்கி, இங்கே பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்துப் பழைய கண்டன்சர்களை மாற்றி வாங்கினேன். ஒலி அருமையாக இருக்கிறது. ஆனால் முள் நிற்கும் இடத்துக்கும் வரும் நிகழ்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை.

நெட்டலையில் (லாங் வேவ்) 1500 மீட்டர் அருகே ‘லைட்’ என்று அச்சிட்டிருக்கிறது. அங்கே பிபிசியின் ரேடியோ 4 வருகிறது. மத்திய அலையில் ‘லண்டன் 330’இல் வைத்தால் கால்பந்து வர்ணனை. ‘வடக்கு 434’க்கு நகர்த்தினால் அதே வர்ணனை! ‘மேற்கு 285’இல் விளம்பரங்களோடு இன்னொரு விளையாட்டு நிலையம். ‘லைட் 247’இல் வெறும் இரைச்சல். ‘தேர்ட் 464’இல் மெல்லிய குரலில் பழைய ஆங்கிலப் பாடல்கள்.

பழுதுபார்த்தவர் உள்ளே எதையாவது திருகிவிட்டாரா? திருப்பிக் கொடுப்பதா, நானே சரிசெய்யலாமா?

சாலிடர் கை

பின்பக்க அட்டையைக் கழற்றினால் டியூனிங் கண்டன்சரின் மேல் டிரிம்மர் எனப்படும் இரண்டு சின்னச் சீரமைப்புத் திருகுகள் தெரியும். ரேடியோ 4 ‘லண்டன்’ என்ற இடத்துக்கு வரும்வரை மெதுவாகத் திருகிப் பாருங்கள்.

பழைய வால்வு

ஹாரோ வாசி, தயவுசெய்து எந்தத் திருகையும் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் ரேடியோ மிகச் சரியாக வேலை செய்கிறது. இடம் மாறியவை நிகழ்ச்சிகள்தான்.

டயலில் உள்ள பெயர்களை மறந்துவிட்டு மீட்டர் எண்களை மட்டும் பாருங்கள். 3,00,000ஐ மீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 330 மீட்டர் என்பது 909. 434 என்பது ஏறக்குறைய 693. இந்த இரண்டிலும் இன்று ஒலிபரப்பாவது பிபிசியின் ரேடியோ 5 லைவ். ஒரே வர்ணனை இரண்டு இடத்தில் கேட்பதற்குக் காரணம் அதுதான். 285 மீட்டர் 1053 கிலோஹெர்ட்ஸ், அது டாக்ஸ்போர்ட் என்ற விளையாட்டு நிலையம். ஆக, முள் பொய் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு தேதி உண்டு: 1978 நவம்பர் 23. ஜெனீவாவில் 1975இல் பல நாடுகள் கூடி நெட்டலை, மத்திய அலைகளுக்குப் புதிய பங்கீடு செய்தன. அது நடைமுறைக்கு வந்த அதே நாளில் பிபிசி தன் நான்கு வானொலிகளின் இடங்களையும் மாற்றியது. அதுவரை 1500 மீட்டர் நெட்டலை ரேடியோ 2இடம் இருந்தது (உங்கள் டயலில் உள்ள ‘லைட்’ தான் 1967இல் ரேடியோ 2 ஆனது). அந்த நெட்டலை ரேடியோ 4க்குப் போயிற்று. ரேடியோ 4 வைத்திருந்த 330, 434 மீட்டர்கள் ரேடியோ 2க்கு வந்தன. 247 மீட்டரில் இருந்த ரேடியோ 1 நிலையம் 275, 285 மீட்டர்களுக்குப் போனது. காலியான 247இல் ரேடியோ 3 உட்கார்ந்தது. ரேடியோ 3 விட்டுச்சென்ற 464 மீட்டர் (உங்கள் டயலில் ‘தேர்ட்’) பிபிசியின் உலக சேவைக்குப் போனது. பின்னாளில் இவற்றில் சில மறுபடி கைமாறின.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. அதற்கு முன் ரேடியோ 4 வட்டாரத்துக்கு ஓர் அலைவரிசை என்று சிதறிக் கிடந்தது. நெட்டலை கிடைத்ததும் நாடு முழுவதும் ஒரே இடத்தில் கேட்க முடிந்தது. ரேடியோ ஸ்காட்லாந்தும் ரேடியோ வேல்ஸும் அதே மாதத்தில் தனி நிலையங்களாகப் பிறந்தன. ரேடியோ 2இல் வந்துகொண்டிருந்த கடல் வானிலை அறிக்கைகூட நெட்டலையோடு சேர்ந்து ரேடியோ 4க்கு மாறியது. கடலில் இருப்பவனுக்கு எட்டுவது நெட்டலைதான். அவனுக்கு நிலையத்தின் பெயர் முக்கியமில்லை.

ஆனால் பண்பலை வசதி இல்லாத ரேடியோ 3 ரசிகர்களுக்கு அன்று செய்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். இரவில் இரைச்சல் மிகுந்த 247ஐ, மென்மையான சங்கீதத்தை அமைதியாகக் கேட்க விரும்புகிறவர்களின் தலையில் கட்டினார்கள்.

ஹாரோ வாசி

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் 247இல் ஏன் இரைச்சல் மட்டும்? 464இல் பாடுவது உலக சேவையா?

பழைய வால்வு

247ஐ ரேடியோ 3 நிலையம் 1992இல் விட்டுக்கொடுத்தது. 1993இல் வர்ஜின் ரேடியோ அங்கே வந்தது. பிறகு அப்சொல்யூட் ரேடியோ என்று பெயர் மாறி, 2023 ஜனவரியில் மத்திய அலையையே நிறுத்திவிட்டார்கள். இரைச்சல் உங்கள் ரேடியோவின் குற்றமல்ல.

464இல் நீங்கள் கேட்பது ரேடியோ கரோலின். 1964இல் கப்பலிலிருந்து அனுமதியின்றி ஒலிபரப்பிய அதே கரோலின்தான். இத்தகைய கடல் நிலையங்களைத் தடைசெய்த 1967இல்தான் பிபிசி ரேடியோ 1ஐத் தொடங்கியது. உலக சேவை 2011இல் காலி செய்த 648 கிலோஹெர்ட்ஸில், முறையான உரிமத்துடன், உலக சேவை ஒலித்த அதே ஓர்ஃபோர்ட்னெஸ் வளாகத்திலிருந்து 2017 முதல் கரோலின் ஒலிபரப்பாகிறது. குறைந்த திறன் என்பதால்தான் குரல் மெல்லியது. இரவில் கேட்டுப் பாருங்கள். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

நெல்லை நேயர்

ஓர் ஒட்டுச் செய்தி. அந்த ஜெனீவாத் திட்டம் ஐரோப்பா, ஆப்பிரிக்காவோடு ஆசியாவுக்கும் சேர்த்துப் போட்டது. அலைவரிசைகளுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. நம் ஆகாசவாணியின் எண்களை 9ஆல் வகுத்துப் பாருங்கள்: சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197. மீதியே வராது. தூத்துக்குடியின் 1053தான் அங்கே ரேடியோ 1க்குக் கிடைத்த 285 மீட்டரும்.

பழைய வால்வு

அருமை. 1500 மீட்டர் நெட்டலையின் 200 கிலோஹெர்ட்ஸ் 9ஆல் வகுபடாமல் நின்றது. அதனால்தான் 1988 பிப்ரவரியில் அதை 198க்கு மாற்றினார்கள். ஹாரோ வாசி, உங்கள் முள் 1500ஐத் தாண்டி 1515இல் நின்றால் அதுவே சரி.

ஹாரோ வாசி

ஆம், 1500ஐச் சற்றுத் தாண்டித்தான் நிற்கிறது! 285, 330 அச்சாக இருக்கின்றன. 434 மட்டும் ஒரு நெல்மணி அளவு தள்ளி வருகிறது.

பழைய வால்வு

எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால், முள்ளை இழுக்கும் கயிற்றில் முள் நழுவியிருக்கும். ஒரு முனையில் மட்டும் தள்ளினால் அது உள்ளே அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஆஸிலேட்டர் சுருளின் சீரமைப்பு. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காகச் சிக்னல் ஜெனரேட்டர் (சோதனை அலை தரும் கருவி) இல்லாமல் கைவைக்க வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. அந்தக் காலத்துப் பல ரேடியோக்களில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மின் இணைப்பின் ஒரு கம்பி நேராக உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். பிளக்கில் கம்பி மாறியிருந்தால் சட்டம் முழுவதும் 230 வோல்ட். குமிழைப் பிடித்திருக்கும் சின்னத் திருகைத் தொட்டாலே அதிர்ச்சி அடிக்கும். முன்பு அந்தக் குழியை மெழுகால் மூடியிருப்பார்கள். பழுதுபார்க்கும்போது அது உதிர்ந்துவிடும். உங்களுடையதில் மெழுகு இருக்கிறதா? பின் அட்டையைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஹாரோ வாசி

இரண்டு குமிழ்களிலும் குழி வெறுமையாக இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நாளை பழுதுபார்த்தவரிடம் கொண்டுபோய்க் கம்பி எந்தப் பக்கம் என்று சோதித்து, மெழுகும் வைத்துத் தரச் சொல்கிறேன். டயலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்போவதில்லை.