36 கிலோமீட்டரைக் கேட்டால் 6,626 கோடியைச் சொல்கிறார்கள்

பென்னாகரத்தான்:
சட்டமன்றமானாலும் நாடாளுமன்றமானாலும் அமைச்சர்கள் கேள்விக்குப் பதில் சொல்வது வெறும் சடங்கு என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை, மொத்தமே 36 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிக்கொண்டிருந்த குறும்பாதையை 1941-இல் மூடிவிட்டார்கள். 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் புதிய பாதைக்கு இடம் கிடைத்தது, 2019-இல் அடிக்கல்லும் நாட்டினார்கள். அதன் பிறகு டெல்லியில் இதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: 2009-14 காலத்தில் தமிழ்நாட்டுக்கு ரயில்வே ஒதுக்கீடு ஆண்டுச் சராசரி 879 கோடி, 2025-26-இல் 6,626 கோடி, நிலம் எடுத்துக் கொடுக்க வேண்டியது மாநில அரசு. நாம் கேட்டது தருமபுரியை, அவர்கள் சொல்வது மாநிலம் முழுவதையும். சென்னையில் கேட்டாலோ, ரயில் ஒன்றிய அரசின் துறை. ரயிலில் சென்னை போக வேண்டுமென்றால் நான் இன்றும் மொரப்பூர் வரை பஸ்ஸில்தான் போகிறேன். இந்தக் கேள்வி நேரத்தால் யாருக்கு என்ன கிடைத்தது?

ஓய்வூதியர் தருமபுரி:
தம்பி, நான் இதே மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அமைச்சர் அவையில் எழுந்து சொல்வதை மட்டும் பார்த்தால் உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். அதற்கு முன்னால் நடப்பது வெளியே தெரியாது. "சட்டமன்ற வினா – மிக அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதிய தபால் வந்துவிட்டால் அன்று யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாது. பதிலோடு துணை வினாக்களுக்கான குறிப்பும் கேட்பார்கள். உறுப்பினர் மேற்கொண்டு எதையெல்லாம் தோண்டக்கூடும் என்று நாங்களே யோசித்து எழுதித் தர வேண்டும்.

ஒரு துணை சுகாதார நிலையக் கட்டடத்துக்கான மதிப்பீடு மேலே போயிற்று. ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் திரும்பி வந்தது. அதற்குள் மதிப்பீடு போடப் பயன்படும் விலை விகிதப் பட்டியல் மாறிவிட்டது, மறுபடி போட வேண்டும் என்று சொல்லி பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார்கள். வினா வந்த அன்று அந்தக் கோப்பைத் தேடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்த மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே என்ற பயத்தில், தபாலில் போக வேண்டிய மதிப்பீட்டை ஆள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவையில் சொல்லப்பட்டது "பரிசீலனையில் உள்ளது" என்பது மட்டும்தான். நிர்வாக அனுமதி சில வாரங்களில் வந்து சேர்ந்தது.

பென்னாகரத்தான்:
ஐயா, நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் சாட்சி. கேட்டால்தான் கோப்பு நகரும் என்றால், கேட்க ஆளில்லாத ஊர் என்ன பாவம் செய்தது? ஆளும் கட்சி உறுப்பினர் எழுந்தால் முதலில் முதலமைச்சருக்கு நன்றி, பிறகு அமைச்சருக்கு நன்றி, எஞ்சிய நேரத்தில் "அரசு முன்வருமா?". எதிர்க்கட்சி உறுப்பினருக்கு நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்ற வாக்கியம் தயாராக இருக்கிறது. யார் ஆண்டாலும் இதுதான்.

ஓசூர் வாடகைக்காரன்:
நான் ஓய்வூதியர் ஐயா பக்கம். கேள்வியே கேட்க முடியாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2024 ஜூன் 27 அன்று ஓசூரில் விமான நிலையம் என்று முதலமைச்சர் பேரவையில் 110-ஆவது விதியின் கீழ் அறிவித்தார். 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். அந்த வாரமே இங்கே மனைத் தரகர்களின் பேச்சு மாறிவிட்டது. ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் நீங்கலாக 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் வருவதைத் தடுக்கும் நிபந்தனை இருக்கிறது. ஓசூரைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்டபோது ஒன்றிய அரசு அதைத்தான் எடுத்துக் காட்டியது. 110-இல் படித்தால் விவாதமும் இல்லை, துணைக் கேள்வியும் இல்லை. ஒரு துணைக் கேள்விக்கு இடமிருந்திருந்தால் "அந்த 150 கிலோமீட்டர் நிபந்தனையை எப்படிக் கடப்பீர்கள்?" என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம். கடன் வாங்கி மனை வாங்குகிறவனுக்கு எது உதவும், அறிவிப்பா, பதிலா?

சூளகிரி விவசாயி:
அந்த 2,000 ஏக்கர் யாருடைய நிலம் என்பதையும் ஒருவர் கேட்டால் நன்றாக இருக்கும்.

பென்னாகரத்தான்:
ஓசூர் நண்பரே, அந்தப் பதில் வந்ததால் என்ன மாறியது? மனை விலை இறங்கிவிட்டதா? தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான்.

ஓய்வூதியர் தருமபுரி:
தெரிந்துகொள்வது சின்ன விஷயமா, தம்பி? 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தையே விட்டுவிட்டு, எழுத்து மூலமான பதில் மட்டும் போதும் என்றார்கள். சடங்குதான் என்றால் அதை விட்டதற்கு எதிர்க்கட்சிகள் ஏன் அத்தனை கூச்சல் போட்டன? எழுத்துப் பதிலை அதிகாரி எழுதுவார், அமைச்சர் கையெழுத்திடுவார். நேரில் நின்றால்தான் துணைக் கேள்விக்கு அமைச்சர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். துறை அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது அங்கேதான் வெளிப்படும்.

ஊத்தங்கரை ஆசிரியை:
இரண்டு பேரும் டெல்லியையும் சென்னையையும் விட்டு இறங்கி வாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பஸ் நிலையத்தின் அருகே நின்ற வண்டிகள் சாலையோடு அடித்துச் செல்லப்பட்டதை நாடே பார்த்தது. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று முதலில் வந்த அறிவிப்பில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி இருந்தன. நாங்கள் இல்லை. எந்த அளவுகோலில் அந்த மூன்று மாவட்டங்கள், எந்த அளவுகோலில் எங்கள் கிருஷ்ணகிரி இல்லை? இதற்கு அமைச்சர் ஒருவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டால்தானே அது வெளியே வரும்? பென்னாகரத்தார் சொல்வது போல எல்லாம் சடங்கு என்று கையை விரித்துவிட்டால் எங்களைப் போன்றவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

பென்னாகரத்தான்:
அம்மா, உங்கள் கோபம் நியாயம். கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிடைக்கிற பதிலால் ஏமாறாதீர்கள் என்கிறேன். தண்ணீரையே பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவி, சுமார் 1,928 கோடி ரூபாய், 2013-இல் திறப்பு விழா. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் ஃபுளோரைடு இருப்பதால் வந்த திட்டம் அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை படியும், கூடுதலாகக் குடித்தவர்களுக்கு முதுகும் முழங்காலும் விறைத்துப்போகும். என் பெரியம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே தரையில் உட்கார முடியாமல் போயிற்று.

இப்போது அவையில் குடிநீர் பற்றிக் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? இத்தனை குடியிருப்புகள் பயன்பெறுகின்றன, வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் இத்தனை வீட்டு இணைப்புகள். இணைப்பு இருக்கிறது, ஐயா. எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு நீலக் குழாய் நட்டிருக்கிறார்கள். அதில் தண்ணீர் வருகிற நாளில் தெருவே விழித்துக்கொள்கிறது. வராத நாட்களில் மறுபடி பழைய ஆழ்துளைக் குழாய்தான். அமைச்சரின் பதில் பொய் இல்லை. எண்ணெல்லாம் சரியாகவே இருக்கும்.

ஓய்வூதியர் தருமபுரி:
அப்படியானால் கோளாறு கேள்வியில். ஜல் ஜீவனில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது விதிமுறை. "எத்தனை இணைப்புகள்?" என்று கேட்டால் இணைப்பின் எண்ணிக்கைதான் வரும். "பென்னாகரம் ஒன்றியத்தில் 55 லிட்டர் கிடைத்த ஊராட்சிகள் எவை, கிடைக்காதவை எவை?" என்று கேட்கச் சொல்லுங்கள். மழுப்ப இடம் குறையும்.

செலவும் அப்படியே. ஒதுக்கியது ஒரு தொகை, விடுவித்தது ஒரு தொகை, செலவானது இன்னொரு தொகை. அவையில் பெரும்பாலும் முதல் தொகையைச் சொல்வார்கள், அதுதான் பெரியது. மூன்றையும் தனித்தனியாகக் கேட்கும் உறுப்பினர்கள் குறைவு. துறைக்கான பணத்துக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை நாளில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைக் கொடுக்கிறார்கள், அரசு இணையதளத்திலும் கிடைக்கிறது. சென்ற ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். "நடப்பாண்டில் முடிக்கப்படும்" என்ற பணி இரண்டிலும் இருந்தால் அதுதான் உங்கள் கேள்வி.

ஓசூர் வாடகைக்காரன்:
தணிக்கைத் துறை அறிக்கையும் இருக்கிறதே. அதை ஆராயும் பேரவையின் பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்துக் கேட்கும்.

பென்னாகரத்தான்:
தணிக்கை அறிக்கை மேசைக்கு வருவதற்குள் ஒப்பந்ததாரர் பேரனுக்குக் காது குத்திவிடுவார். விடுங்கள்.

ஊத்தங்கரை ஆசிரியை:
அமைச்சர் அவையில் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தால் என்ன செய்வது? ஓய்வூதியர் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஓய்வூதியர் தருமபுரி:
அதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, அம்மா. "செய்யப்படும்" என்று அமைச்சர் சொன்னவற்றைத் தொகுத்து, நடந்ததா என்று துறையிடம் கேட்கும். மாவட்டங்களுக்கும் வரும். மக்களவையிலும் இப்படிக் குழு உண்டு, அங்கே மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு.

பென்னாகரத்தான்:
வரும், நானும் பார்த்திருக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம், சால்வை, பிறகு ஒரு பாலத்தின் மேல் நின்று புகைப்படம், மதியம் பயணியர் மாளிகை.

ஓய்வூதியர் தருமபுரி:
சால்வையைப் பார்த்த நீங்கள் மேசை மேல் இருந்த பட்டியலைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எந்த உறுதிமொழி நிலுவையில் இருக்கிறது என்று அதில் வரிசையாக இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

சூளகிரி விவசாயி:
குழு வருகிற தேதியை முன்கூட்டியே ஊரில் சொன்னால் நாங்களும் மனுவோடு வந்து நிற்போம். முடிந்த பிறகு செய்தித்தாளில் படித்து என்ன பயன்? மாம்பழ விலை விழுந்தபோதும் இப்படித்தான், ஆய்வு நடந்ததைப் படத்தில்தான் பார்த்தோம்.

பென்னாகரத்தான்:
இந்தத் திரியில் எனக்குச் சரி என்று பட்ட முதல் கருத்து இதுதான்.

ஊத்தங்கரை ஆசிரியை:
நான் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன், திருத்திக் கொடுங்கள்: "2024 டிசம்பர் மழை வெள்ளத்துக்காகக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட, செலவிடப்பட்ட தொகைகள் வட்டவாரியாக எவ்வளவு? குடும்ப அட்டைதாரர்களுக்கான 2,000 ரூபாய்க்கு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்த அளவுகோல் யாது?"

ஓய்வூதியர் தருமபுரி:
நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே வினாவில் வைக்காதீர்கள். தொகைக்கு நீளமாகப் பதில் கொடுத்துவிட்டு அளவுகோலை அப்படியே விழுங்கிவிடுவார்கள். தனித்தனி வினாவாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்:
எங்கள் 55 லிட்டர் கேள்வியையும் யாராவது அந்த மாதிரி எழுதிக் கொடுங்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறது.