ஒட்டுசுட்டான் கொட்டிலுக்கை நிக்கிற மொறிஸ் மைனர்: வாங்கலாமோ?

வன்னிச்சில்லு: 948 சிசி மொறிஸ் மைனர் 1000. சண்டைக் காலத்திலை மண்ணெண்ணெயிலை ஓடினது, இப்ப எஞ்சின் இறுகிப்போச்சு. முழுக்கக் கழட்டிப் பெயின்ற் அடிக்கிறதோ, ஓடப் பண்ணினால் காணுமோ?

கறள்பிடிச்சவன்: எஞ்சினை விடுங்கோ தம்பி, கீழை படுத்துப் பாருங்கோ. இதுக்குத் தனிச் செசி, அதாவது அடிச்சட்டம், இல்லை; காரின்ரை பொடிதான் பாரம் தாங்குது. முன் சீற்றடிக் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிறிங் பூட்டிற இடம், கதவடி எல்லாத்தையும் ஸ்குறூட்றைவராலை குத்துங்கோ. உள்ளை இறங்கினால் பெயின்ற் காசு வெல்டிங்குக்குத்தான். சிஆர் புத்தகத்திலை, அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்திலை, இருக்கிற இலக்கம் காரோடை ஒத்துவராட்டில் தொடவே வேண்டாம்.

மாங்குளம் பாஸ்: செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டர்) அடிக்காதேங்கோ. நாலு பிளக்கையும் கழட்டி, சிலிண்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி டீசல் விட்டு மூண்டு நாள் ஊறவிடுங்கோ. பிறகு நாலாம் கியரிலை போட்டு, காரை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கோ. மண்ணெண்ணெய் ஒயிலைத் தண்ணியாக்கியிருக்கும், எஞ்சினடி ஒயில் தொட்டியான சம்ப்பை இறக்கி பெயரிங் பாருங்கோ. வால்வும் எரிஞ்சிருக்கலாம்.

வன்னிச்சில்லு: பற்றறி கொழுவி லைற் பாக்கட்டோ அண்ணை?

மாங்குளம் பாஸ்: பொறுங்கோ! இது பொசிட்டிவ் எர்த். மாத்தாமல் கிடந்தால் பிளஸ்தான் பொடிக்கு.

கறள்பிடிச்சவன்: ரோட்டிலை இறக்க முன்னம் முன்சில்லு ட்ரனியனுக்கு, அதாவது சில்லைத் தாங்கித் திரும்பவிடுற புரி மூட்டுக்கு, கிறீஸ் அடியுங்கோ. அதின்ரை புரி தேஞ்சிருந்தால் சில்லு மடிஞ்சு கார் மூக்குக்குப்புற விழும். பிறேக் றப்பர் எல்லாம் புதுசு. பெயின்ற் கடைசியிலை.