ரோலிங் ரிலீஸுக்கு ‘நடப்பு வழங்கல்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழுவில் ஆத்தங்குடித் தம்பி கேட்டது ஒன்று, நாம் பேசிக்கொண்டிருப்பது இன்னொன்று. பூக்கல் (தரை ஓடு) பட்டறையின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் மடிக்கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் பல வகைகளில் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் எதைப் போடலாம் என்று அவர் கேட்டார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. அவர் மடிக்கணினியின் புராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. மற்றபடி நல்ல நிலையில் ஓடும் இயந்திரம், தூக்கிப் போட மனம் வராது. பதில் சொல்லப் போன நாம், பதிப்பு பதிப்பாக இல்லாமல் புதுப்பிப்புகளை வர வரத் தந்துகொண்டே இருக்கும் ‘ரோலிங் ரிலீஸ்’ முறையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இடத்தில் நின்றுவிட்டோம். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் அவர் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும் என்பதால், சொல்லையே முதலில் முடித்துவிடலாம்.

இதுவரை வந்த பரிந்துரைகள்:

> உருள் வெளியீடு. மூலச் சொல்லோடு அப்படியே பொருந்துகிறது.

> தொடர் வெளியீடு. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

> ஓயா வெளியீடு. கேட்க நன்றாக இருக்கிறது.

‘உருள்’ எனக்கு ஒட்டவே இல்லை. தமிழில் சக்கரம் உருளும், கல் உருளும், வேண்டுதல் இருப்பவர் கோயில் பிரகாரத்தில் உருளுவார், ஏதாவது தவறு நடந்தால் யாருடைய தலையாவது உருளும். மென்பொருள் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருப்பதை இந்தச் சொல்லிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது. மூலச் சொல் தெரிந்தவருக்கு மட்டுமே புரியும் கலைச்சொல் யாருக்காக?

‘தொடர்’ புரிகிறது, ஆனால் பிரித்துக் காட்டவில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகை, 2004 அக்டோபரில் வந்த முதல் பதிப்பிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒன்றாக, பெரும்பாலும் ஏப்ரலிலும் அக்டோபரிலும், வெளிவந்துகொண்டேதான் இருக்கிறது. அதைவிடத் தொடர்ச்சி வேறு என்ன வேண்டும்? ஆனால் அது ரோலிங் ரிலீஸ் கிடையாது. ‘ஓயா’ அழகான சொல்தான். இருந்தாலும் அதற்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம். பதிப்பு பதிப்பாக வரும் டெபியன் லினக்ஸை ‘ஓய்ந்த வெளியீடு’ என்று சொல்ல முடியுமா? நமக்கு வேண்டியது ஒரு சோடிச் சொல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் தம்பி. ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயர் வைத்தால் அவருக்கு உதவாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூன்று பரிந்துரைகளிலும் ‘வெளியீடு’ இருக்கிறது, சிக்கலே அதுதான். ரோலிங் ரிலீஸ் முறையில் வரும் ஆர்ச் லினக்ஸுக்கு வெளியீடு என்று ஒன்றே கிடையாது. மாதாமாதம் அவர்கள் தரும் ஐஎஸ்ஓ கோப்பு நிறுவுவதற்கு மட்டும்தான். ஒருமுறை நிறுவிவிட்டால் அதன் தேதிக்கு எந்த மதிப்பும் இல்லை. நேற்று நிறுவியவரும் பல வருடம் முன்பு நிறுவியவரும் இன்று காலை புதுப்பித்தால் இருவரிடமும் இருப்பது ஒன்றே. பதிப்பு எண் கிடையாது, பெயர் கிடையாது. அதோடு ஒரு பொதியை (மென்பொருள் தொகுப்பை) மட்டும் புதுப்பித்துக்கொண்டு மற்றவற்றைப் பழையபடி விட்டுவைப்பதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. எடுத்தால் எல்லாவற்றையும் இன்றைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

டெபியன் நேர் எதிர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் லிபர் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் 7.4 பதிப்பு. அந்தப் பதிப்பு இருக்கும்வரை அது 7.4-தான். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்புக்குள்ளேயே பொருத்தித் தருவார்கள். பட்டன் இடம் மாறாது, கோப்பு வேறு மாதிரித் திறக்காது. புதிது வேண்டும் என்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்குப் போக வேண்டும், அங்கே 25.2. நடுவில் தானாக எதுவும் மாறாது.

ஆக, ஒன்று என்றைக்கும் அன்றைய நிலையில் இருப்பது. இன்னொன்று குறித்த காலம்வரை அசையாமல் இருந்து, காலம் முடிந்ததும் மொத்தமாக மாறுவது. இதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது, அதுவும் செட்டிநாட்டில் புழங்கிய சொல். நகரத்தார் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (வட்டித் தொழில் செய்ய) போன காலத்தில் பெட்டியடியில், அதாவது அவர்கள் தொழில் நடத்திய இடத்தில், இரண்டு வகை வட்டி இருந்தது: நடப்பு வட்டி, தவணை வட்டி. ரங்கூன் போன்ற ஊர்களில் மாதத்துக்கு ஒருமுறை கோயிலில் கூடி வட்டி விகிதத்தை முடிவுசெய்வார்கள். நடப்பில் கிடக்கும் பணத்துக்கு அந்தந்த மாதத்து விகிதம். விகிதம் மாறினால் கணக்கும் கூடவே மாறும். தவணையில் போட்ட பணத்துக்கு, இத்தனை மாதம் என்று பேசியது பேசியதுதான். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் தவணைக்குள் விகிதம் அசையாது. தவணை முடிந்த அன்று புது விகிதத்தில் திரும்பப் போடலாம், அல்லது எடுத்துக்கொண்டு போகலாம்.

மேலே ஆர்ச்சையும் டெபியனையும் பற்றிச் சொன்ன பத்திகளை இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். அதனால் என் பரிந்துரை: ரோலிங் ரிலீஸ் முறையில் வருவது நடப்பு வழங்கல், குறித்த காலத்துக்கு ஒருமுறை பதிப்பாக வருவது தவணை வழங்கல். ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதற்கு ‘வழங்கல்’ நம்மிடையே நிலைத்துவிட்டதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இதைத் தனிமடலில் சிலரிடம் காட்டியபோது வந்த மறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன்.

> நடப்பு வெளியீடு என்றால் இப்போது வெளிவந்திருக்கும் பதிப்பு என்றுதானே படிப்பார்கள்?

தேவகோட்டை ஆசிரியை அம்மா எழுப்பியது. மிகச் சரியான மறுப்பு. ‘வெளியீடு’ என்பதை விட்டுவிட்டு ‘வழங்கல்’ என்பதோடு சேர்த்ததற்கு இது இன்னொரு காரணம். ‘டெபியனின் நடப்பு வெளியீடு’ என்றால் குழப்பம்தான். ‘ஆர்ச் ஒரு நடப்பு வழங்கல்’ என்றால் அதன் வகையைச் சொல்கிறோம் என்று தெரிகிறது. பதிப்பைக் குறிக்க ‘இப்போதைய வெளியீடு’ இருக்கவே இருக்கிறது. ஆவணங்களில் இந்த இரண்டையும் கலக்காமல் எழுதும் பொறுப்பு நம்முடையது.

> தவணை என்றதும் வண்டிக் கடன்தான் நினைவுக்கு வரும். காசு கட்ட வேண்டுமோ என்று பயந்துவிடுவார்கள்.

கடன் ஒரு பொருள்தான். தடுப்பூசியில் முதல் தவணை, இரண்டாம் தவணை என்று எல்லாரும்தான் பேசினோம், அங்கே யாரும் மாதாமாதம் காசு கட்டவில்லை. குழுவில் உள்ள யாழ்ப்பாணத்து அண்ணன் இன்னும் நல்ல சான்று தந்தார்: அங்கே பள்ளிக்கூடத்தில் முதலாம் தவணைப் பரீட்சை, இரண்டாம் தவணைப் பரீட்சை. காலவரையறை என்ற பொருள் இலங்கையில் பிள்ளைகளுக்கே பழக்கம். இரண்டு கரையிலும் செல்லும் ஒரு சொல் கிடைப்பது அரிது, அதை விட எனக்கு மனமில்லை.

இந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனதற்கு முக்கியமான காரணம், இது கிளை விடுகிறது. உபுண்டுவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு. இடையில் வருபவற்றுக்கு ஒன்பதே மாதம். முதலாவது நெடுந்தவணை, இரண்டாவது குறுந்தவணை. ‘நீண்டகால ஆதரவு வெளியீடு’ என்று மூச்சு வாங்க எழுதிக்கொண்டிருக்கிறோமே, ‘உபுண்டு 24.04 நெடுந்தவணை’ என்றால் முடிந்தது. ஃபெடோரா என்ற வழங்கலின் ஒவ்வொரு பதிப்பும் சுமார் 13 மாதம் தாங்கும், அதுவும் குறுந்தவணையில் சேரும். ஒரு பதிப்புக்கு ஆதரவு நிற்பதைக் குறிக்கும் ‘எண்ட் ஆஃப் லைஃப்’ என்பதை ‘வாழ்நாள் முடிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். படித்தால் துக்கச் செய்தி மாதிரி இருக்கிறது. ‘தவணை முடிவு’ போதும். தவணை முடிந்த இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்று சொன்னால் கடைக்காரருக்கும் சட்டென்று உறைக்கும்.

அப்புறம் தம்பியின் மடிக்கணினி.

தம்பி, உங்களுக்கு வேண்டியது நெடுந்தவணை. நடப்பு வழங்கல் மட்டமானது என்று சொல்லவில்லை. ஓப்பன்சூசே டம்பிள்வீட் என்ற நடப்பு வழங்கல் ஒவ்வொரு தொகுதியையும் தானியங்கிச் சோதனையில் ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறது. ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பவும் வழி வைத்திருக்கிறது. வீட்டில் கற்றுக்கொள்ள, நிரல் எழுத, அது அருமையான இடம். ஆனால் பட்டறைக் கணக்கு வேறு. மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவத்துக்கு 20-ஆம் தேதி கெடு. இங்கே காரைக்குடியில் ஒரு அலுவலகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கெடு நாள் காலை, மடிக்கணினி ஒரு நடப்பு வழங்கலில் ஓடுகிறது. புதுப்பிப்பில் புதிய கருனி (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) இறங்கியது. வைஃபை சில்லுக்கான இயக்கி (டிரைவர்) கருனிக்கு வெளியே தனியாகத் தொகுக்கப்படும் வகை. புதிய கருனிக்கு அது தொகுபடவில்லை. மறுதொடக்கம் செய்ததும் மேல் பட்டையில் வைஃபை குறியே இல்லை. கைபேசியை யூஎஸ்பி கம்பியில் மாட்டி, அதன் இணையத்தில் படிவத்தை அனுப்பிவிட்டு, பழைய கருனியில் தொடங்கிச் சரிசெய்தோம். யாருடைய குற்றமும் இல்லை, நடப்பு என்றால் அப்படித்தான். அதைப் பார்த்துக்கொள்ளப் பட்டறையில் ஆள் இருக்க வேண்டும், உங்களிடம் இல்லை.

என் கணக்கில் முதலிடம் லினக்ஸ் மின்ட்டுக்கு. உபுண்டுவின் நெடுந்தவணைமேல் கட்டியது, மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு, சினமன் பணிச்சூழல் விண்டோஸில் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. அடுத்தது டெபியன் 13. முதல் மூன்று ஆண்டும் அதன் மேல் இரண்டு ஆண்டும் பாதுகாப்புத் திருத்தம் வரும். மடிக்கணினி கொஞ்சம் பழையது என்பதால் டெபியனின் கருனியே அதற்குத் தாராளம். புத்தம் புதிய மடிக்கணினியாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் உபுண்டு நெடுந்தவணையிலேயே புதிய கருனிக்குத் தனி வழி உண்டு. ஏதாவது ஒரு மென்பொருள் மட்டும் புதிதாக வேண்டும் என்றால், மென்பொருளைத் தனியாக நிறுவ உதவும் ஃபிளாட்பேக்கில் அதை மட்டும் போட்டுக்கொள்ளலாம், அடித்தளம் அசையாது.

நிறுவுவதற்கு முன் யூஎஸ்பியிலிருந்து தொடங்கி மூன்றைச் சோதியுங்கள்: வைஃபை, பட்டறையின் பிரின்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன். பிரின்டரில்தான் பலர் சிக்குகிறார்கள். தமிழ் 99 விசைப்பலகை, லினக்ஸில் தட்டச்சு மொழியை மாற்ற உதவும் ஐபஸில் எம்17என் என்ற பொதியைச் சேர்த்தால் வந்துவிடும். பழைய பில்கள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் இப்போதே மாற்றி வைத்துவிடுங்கள், அது எந்த இயங்குதளத்திலும் என்றைக்காவது தலைவலிதான். டாலி என்ற கணக்கு மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. உங்கள் கணக்கு டாலியில் இருந்தால் அதற்கு ஒரு விண்டோஸ் இயந்திரம் தனியாக வேண்டியிருக்கும். அதை முதலிலேயே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள், பிறகு லினக்ஸ்மேல் பழி விழக்கூடாது.

சொற்பட்டியலில் சேர்க்க நான் எழுதி வைத்திருப்பது:

நடப்பு வழங்கல்: பதிப்பு எண் இன்றி, பொதிகள் அணியமாக ஆகப் புதுப்பித்தபடியே இருக்கும் வழங்கல். எ-டு: ஆர்ச், டம்பிள்வீட்.

தவணை வழங்கல்: குறித்த காலத்துக்கு ஒரு பதிப்பாக வெளியிட்டு, அந்தக் காலம் முடியும்வரை அதே பதிப்புக்குத் திருத்தம் தரும் வழங்கல். நெடுந்தவணை: உபுண்டு எல்டிஎஸ், டெபியன். குறுந்தவணை: ஃபெடோரா.

ஆசிரியை அம்மா இந்த இரண்டு விளக்கங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. ‘அணியமாக’ (ஆயத்தமாக) என்பதற்கு இதைவிட எளிய சொல் அவர்களிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். தம்பி, பிரின்டரின் மாடல் எண்ணை மட்டும் அனுப்பிவிடுங்கள்.